காற்று அடித்தால் மாட்டை அவிழ்த்துவிடும் அப்பா

கேள்வி: பேராவூரணிக்குப் பக்கத்தில் உள்ள கிராமம் எங்களுடையது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த இரவில் எங்கள் ஓட்டு வீட்டின் கூரை பறந்துவிட்டது. இரண்டு ஏக்கர் தென்னந்தோப்பில் விடிந்து பார்த்தபோது பத்து மரம்கூட நிற்கவில்லை. நடுவில் கொஞ்ச நேரம் காற்று ஓய்ந்ததும், கொட்டிலில் கட்டியிருந்த மாடுகளை அவிழ்க்க அப்பா வெளியே போனார். திடீரென்று எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று திரும்பி அடித்து, அவர் கண்ணெதிரே கொட்டில் சரிந்து ஒரு பசு இறந்துபோனது. இப்போது அவருக்கு 64 வயது. ஐப்பசி பிறந்துவிட்டால் இரவில் தூங்குவதில்லை. சாதாரணக் காற்றுக்கே எல்லோரையும் எழுப்பி ஒரே அறைக்குள் உட்காரவைக்கிறார். நடுநிசியில் போய் மாடுகளை அவிழ்த்துவிடுகிறார். காற்று நின்ற பிறகும் அமைதியாவதில்லை. நாள் முழுவதும் டிவியில் வானிலைச் செய்தி ஓடுகிறது. தம்பி புதிதாக வைத்த தென்னம்பிள்ளைகளை அவர் இதுவரை போய்ப் பார்க்கவில்லை. சில இரவுகளில் குடித்துவிட்டுத்தான் படுக்கிறார். அன்று மூன்று வயதாக இருந்த என் மகன் இப்போது ஐந்தாம் வகுப்புப் படிக்கிறான். காற்றுச் சத்தம் கேட்டால் அவனும் காதைப் பொத்திக்கொள்கிறான். சொந்தக்காரர்கள், 'எல்லாருக்கும்தான் போச்சு, இவருக்கு மட்டும் என்ன' என்கிறார்கள். அப்பாவுக்கு மனநிலை பாதித்துவிட்டதா? அந்த இரவை அவர் மறக்க நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் அப்பாவுக்குப் பைத்தியம் இல்லை. இந்த அச்சம் உங்கள் வீட்டில் பல ஆண்டுகளாகச் சொல்லப்படாமல் கிடந்திருக்கும் என்று நினைப்பதால் இதை முதலில் சொல்கிறேன். நீங்கள் எழுதியிருக்கும் அடையாளங்கள் மருத்துவம் நன்றாக அறிந்த ஒரு நோயை நோக்கிக் கைகாட்டுகின்றன. பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் நோய் என்று அதைச் சொல்கிறோம். கடிதத்தை மட்டும் வைத்து எந்த மருத்துவரும் நோயை உறுதி செய்ய முடியாது, செய்யவும் கூடாது. அவரை ஒருவர் நேரில் பார்த்தே ஆக வேண்டும். ஆனாலும், நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது குணக்கேடோ பிடிவாதமோ கோழைத்தனமோ இல்லை என்பதையும், ஏழு ஆண்டுகள் கழித்தும் இது குணமாகக்கூடியது என்பதையும் உறுதியாகச் சொல்ல முடியும்.

கஜா நவம்பர் 16ஆம் தேதி நள்ளிரவுக்குப் பிறகு, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே, மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் கரையைக் கடந்து, பட்டுக்கோட்டை, பேராவூரணி, புதுக்கோட்டைப் பக்கம் உள்நாட்டுக்குள் புகுந்தது. இருட்டில், எது எங்கே விழுகிறது என்று பார்க்க வழியில்லாமல், காதால் மட்டுமே அந்தப் புயலை உங்கள் ஊர் அனுபவித்தது. உயிருக்கு ஆபத்து வரும் நேரத்தில் மூளை அந்த நிகழ்ச்சியை ஒழுங்கான கதையாகப் பதிந்துகொள்வதில்லை. சத்தம், ஈரம், மண்வாசனை, இருட்டு என்று துண்டு துண்டாகப் பதிந்துகொள்கிறது. பிறகு அந்தத் துண்டுகளில் ஒன்று எங்கே தட்டுப்பட்டாலும், இது எந்த ஆண்டு, எந்த வீடு என்று யோசிக்கும் முன்பே உடம்பு பழைய இரவுக்குப் போய்விடுகிறது. நெஞ்சு படபடப்பதும், கை வியர்ப்பதும், கால் வாசலை நோக்கி ஓடுவதும் அவர் தீர்மானித்துச் செய்பவை இல்லை. வீட்டைக் காக்கும் நாய் ஒருமுறை திருடனிடம் அடிபட்டுவிட்டால் அதன் பிறகு விருந்தாளியைக் கண்டும் அதே மூர்க்கத்தோடு குரைக்கும் அல்லவா, உங்கள் அப்பாவின் உடம்பு ஐப்பசிக் காற்று எல்லாவற்றையும் பார்த்து அப்படித்தான் குரைத்துக்கொண்டிருக்கிறது.

காற்று நின்ற பிறகும் அவர் அமைதியாவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான் என்று எனக்குப் படுகிறது. புயலின் மையப்பகுதி, அதாவது புயலின் கண், ஓர் ஊரைக் கடக்கும்போது காற்று அடங்கிவிடும். புயலின் அளவையும் நகரும் வேகத்தையும் பொறுத்து அந்த ஓய்வு சில நிமிடங்களும் இருக்கலாம், ஒரு மணி நேரத்துக்கு மேலும் நீடிக்கலாம். மையம் கடந்ததும் காற்று நேர் எதிர்த்திசையிலிருந்து அதே மூர்க்கத்தோடு வரும். முதல் காற்றில் வேர் இளகிய மரங்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது காற்றில்தான் விழும். உங்கள் அப்பா வெளியே போனது அந்த ஓய்வில்தான். ஆகவே காற்றுக்குப் பயப்படுவதைப் போலவே அமைதிக்கும் பயப்பட அவருடைய உடம்பு அந்த ஒரே இரவில் கற்றுக்கொண்டுவிட்டது. 'அதான் காற்று நின்னுடுச்சே, படுங்கப்பா' என்று நீங்கள் அன்போடு சொல்லும் சொல் அவருக்கு ஆறுதல் தராததற்குக் காரணம் இதுதான். அன்றும் காற்று நின்றுதான் இருந்தது. இனி அந்தச் சொல்லுக்குப் பதிலாக, 'அன்றைக்கு நின்ற காற்று திரும்பி வந்தது, இன்றைக்குப் புயலே இல்லை, இது வெறும் மழைக்காற்று' என்று வேறுபாட்டை எடுத்துச் சொல்லிப் பாருங்கள்.

பசுவைப் பற்றி அவர் வாய்விட்டுப் பேசியதுண்டா என்று நீங்கள் எழுதவில்லை. நடுநிசியில் மாடுகளை அவிழ்த்துவிடும் மனிதர் அன்று அவிழ்க்க முடியாமல் போன கயிற்றைத்தான் ஒவ்வோர் இரவும் அவிழ்த்துக்கொண்டிருக்கிறார் என்பது என் எண்ணம். 'கொஞ்சம் முன்னாலேயே போயிருந்தால்' என்ற நினைப்பு பேரிடரில் தப்பியவர்களிடம் மிகப் பரவலாகக் காணப்படுவது. இழந்தது மனித உயிராக இருக்க வேண்டும் என்பதில்லை. வீட்டில் வளர்த்த, பெயர் வைத்துக் கூப்பிட்ட பசு கண்ணெதிரே சாவது சிறிய இழப்பு என்று யாராவது சொன்னால் அதை ஏற்காதீர்கள். அவர் அந்தப் பேச்சை எடுக்கிற நாளில் குறுக்கிடாமல், திருத்தாமல், 'உங்கள் மேல் தப்பில்லை' என்று அவசரமாக மூடிவிடாமல், முழுவதையும் கேளுங்கள்.

ஆனால் பேசவைத்தே தீர வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதும் தவறு. மனதில் உள்ளதைக் கொட்டிவிட்டால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையில், பேரிடர் நடந்த உடனே எல்லோரையும் உட்காரவைத்து நடந்ததை விவரமாகச் சொல்லவைக்கும் முறை முன்பு உலகெங்கும் பரவலாக இருந்தது. அது பயன் தருவதில்லை, சிலருக்கு நோயைக் கூட்டவும் செய்யும் என்று தெரிந்த பிறகு உலக சுகாதார நிறுவனம் உட்படப் பலரும் அதைப் பரிந்துரைப்பதில்லை. அவருடைய வேகத்தில், அவர் விரும்பும் அளவுக்குப் பேசட்டும். மறக்கவைப்பது எப்படி என்ற உங்கள் கேள்விக்கும் இதையொட்டியே பதில் சொல்வேன்: மறக்கவைக்க முயல வேண்டாம். அந்த இரவு அவருக்கு நினைவிருக்கும். அது நடந்து முடிந்த ஒன்று என்பதை அவருடைய உடம்பு ஏற்றுக்கொள்ள வேண்டும். சிகிச்சையின் குறி அதுதான்.

அந்த இரவோடு எதுவும் முடிந்துவிடவில்லை என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். புயலுக்குப் பிறகு வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் ஏற்ற ஊர்கூடி ஜெனரேட்டர் பிடிக்க வேண்டியிருந்தது. தார்ப்பாய்க்கும் மெழுகுவர்த்திக்கும் வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. அதுவரை ஊருக்குக் கொடுத்துப் பழகிய தோப்புக்காரர்கள் லாரியை எதிர்பார்த்துச் சாலையோரம் நின்றது, டெல்டாவில் நான் சந்தித்த பலருடைய மனதில் காற்றைவிட ஆழமாகத் தைத்திருக்கிறது. விழுந்த மரங்களை அப்புறப்படுத்த ஆளும் இயந்திரமும் கிடைக்காமல் அவை மாதக்கணக்கில் தோப்பிலேயே கிடந்தன. அழுகும் தென்னந்தடியில் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகும், பிறகு தப்பி நின்ற மரத்தின் குருத்தையும் அது துளைக்கும் என்பதால், கிடந்த மரங்களே மிஞ்சியவற்றுக்கு எமனாயின. பேரிடருக்குப் பிந்தைய மனநோய்கள் பற்றிப் பேசும்போது புயலடித்த சில மணி நேரத்தையே எல்லோரும் பேசுகிறோம். அதற்குப் பிறகான இந்த நீண்ட சீரழிவுதான் பலரைக் குணமாகவிடாமல் பிடித்து வைத்திருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

அரசு அன்று ஒரு தென்னைக்கு இழப்பீடாக 600 ரூபாயும், வெட்டி அகற்ற 500 ரூபாயுமாக 1,100 ரூபாய் அறிவித்தது. அது போதுமா என்பது வேறு விவாதம். உங்கள் அப்பாவின் இழப்பை அந்தத் தொகையை வைத்து உறவினர்கள் அளந்தால், அவர் என்ன இழந்தார் என்பதே அவர்களுக்குப் புரியாது. நெட்டைத் தென்னை காய்க்க ஆறேழு ஆண்டுகள் ஆகும். நன்றாகக் காய்ப்புக்கு வர இன்னும் சில ஆண்டுகள். அதன் பிறகு அறுபது வயது வரையிலும் அது பலன் தரும். இளமையில் மரம் வைப்பவர் முதுமைக்கான வருமானத்தைத்தான் நடுகிறார். 57 வயதில், அந்த மரங்கள் தன்னைத் தாங்க வேண்டிய காலம் நெருங்கும்போது, ஒரே இரவில் அவை போய்விட்டால், மறுபடி நட்டுக் காத்திருக்கத் தனக்கு ஆயுள் இருக்கிறதா என்ற கேள்வி எழத்தானே செய்யும். 'எல்லாருக்கும்தான் போச்சு' என்பது உண்மை. ஆனால் போனது ஒவ்வொருவருக்கும் அவரவர் வயதுக்கு ஏற்றபடி வேறு வேறு.

இதனால்தான் அச்சத்தோடு மனச்சோர்வும் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்கிறேன். மழைக்காலம் அல்லாத மாதங்களிலும் அவர் ஒதுங்கியே இருக்கிறாரா? சாப்பாடு குறைந்து உடல் மெலிந்திருக்கிறதா? விடியற்காலை மூன்று நான்கு மணிக்கே விழிப்பு வந்து, பிறகு தூக்கம் பிடிப்பதில்லையா? முன்பு விரும்பிச் செய்த எதிலும், ஊர்த் திருவிழாவிலும் பேரனோடு பேசுவதிலும்கூட, ஈடுபாடு போய்விட்டதா? 'நான் இருந்து என்ன பயன்' என்ற பேச்சு வருகிறதா? கடைசியில் கேட்டதைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் நேராகவே கேளுங்கள்: 'அப்பா, செத்துப்போகலாம் என்று எப்போதாவது தோன்றுகிறதா?' இப்படிக் கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக முளைப்பதில்லை; கேட்க ஒருவர் இருக்கிறார் என்பதே பலரைப் பேசவைத்துக் காப்பாற்றியிருக்கிறது. பதில் எதுவாக இருந்தாலும், வீட்டிலோ மோட்டார் கொட்டகையிலோ பூச்சிமருந்து இருந்தால் அதை இன்றைக்கே அப்புறப்படுத்துங்கள், அல்லது பூட்டிச் சாவியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். கிராமங்களில் அந்த ஒரு நிமிட உந்துதலை மரணமாக்கிவிடுவது பெரும்பாலும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் அந்த டப்பாதான்.

அவருடைய பயத்தில் நோயும் இருக்கிறது, அறிவும் இருக்கிறது. நோயை நீக்கப் போய் அறிவையும் சேர்த்து மறுத்துவிட்டால் அவர் உங்களை நம்பமாட்டார். வங்கக்கடலில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் உருவாகும் காலம் என்பது உண்மை. உங்கள் கடற்கரைக்கு இன்னொரு புயல் வரும் என்பதும் உண்மை. 2020இல் நிவர் வந்தபோது அவர் எப்படி இருந்திருப்பார் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. புயல் எச்சரிக்கை வந்தால் கால்நடைகளைக் கட்டிவைக்காமல் அவிழ்த்துவிட வேண்டும் என்பது பேரிடர் மேலாண்மைத் துறையினரே சொல்லும் அறிவுரை. எனவே அவர் செய்வது தவறான காரியம் இல்லை, தவறான நேரத்தில் செய்யப்படும் சரியான காரியம். எப்போது செய்ய வேண்டும், எப்போது தேவையில்லை என்ற எல்லையை அவரோடு சேர்ந்து வகுப்பதுதான் வீட்டில் நீங்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி.

அந்த எல்லையை வகுக்க வானிலைத் துறையின் சொற்களே போதும். காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி என்று செய்தியில் கேட்டால் அது இன்னும் புயலாகவில்லை, பல நேரங்களில் ஆவதும் இல்லை. காற்று மணிக்கு 31 கிலோமீட்டரை எட்டினால் தாழ்வு மண்டலம், 50ஐ எட்டினால் ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 62ஐ எட்டிய பிறகுதான் அதற்குப் புயல் என்று பெயர். 89க்கு மேல் தீவிரப் புயல். டிவியில் ரெட் அலர்ட் என்று சிவப்பு எழுத்து ஓடும்போது அது பெரும்பாலும் 20 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட மழைக்கான எச்சரிக்கை; காற்றுக்கானது என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. இவற்றைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். அப்பாவின் கையாலேயே எழுதவைத்தால் இன்னும் நல்லது. தாழ்வு மண்டலம் என்றால் என்ன செய்வோம், புயல் என்றால் என்ன செய்வோம், நம் கரையை நோக்கி வருகிறது என்று அறிவித்தால் எந்த வீட்டுக்கு அல்லது எந்தப் பாதுகாப்பு மையத்துக்குப் போவோம், மாடுகளை எப்போது யார் அவிழ்ப்பது என்பதை ஒவ்வொன்றுக்கும் எதிரே குறித்துக்கொள்ளுங்கள். பட்டா, குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம், தோப்பின் நிழற்படங்கள் ஆகியவற்றைத் தண்ணீர் புகாத பையில் வைப்பது, வீட்டை ஒட்டிய மரங்களில் காய்ந்த மட்டைகளை மழைக்கு முன்பே கழிக்கச் சொல்வது, காய்க்கிற மரங்களுக்குத் தென்னைக் காப்பீடு செய்வது பற்றி வேளாண் அலுவலகத்தில் கேட்டு வருவது போன்ற பொறுப்புகளை அவரிடம் ஒப்படையுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 என்ற எண்ணும் அந்தத் தாளில் இருக்கட்டும். இரவெல்லாம் விழித்துக் காவல் காக்கும் மனிதருக்குப் பகலில் செய்து முடிக்கக்கூடிய காவல் வேலை கிடைத்தால், இரவுக் காவலை மெல்ல விட்டுவிட அவருக்கு ஒரு நியாயம் கிடைக்கும்.

தயாரிப்பு வீண்வேலை என்று யாராவது சொன்னால் ஒடிசாவைச் சொல்லுங்கள். 1999 அக்டோபர் 29 அன்று பாராதீப் அருகே கரையைக் கடந்த பெரும்புயலில் ஏறத்தாழ 10,000 பேர் இறந்தார்கள். 2013 அக்டோபரில் அதே மாநிலத்தின் கோபால்பூர் அருகே பைலின் என்ற மிகக் கடுமையான புயல் வந்தபோது, லட்சக்கணக்கான மக்கள் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டதால் உயிரிழப்பு பத்துகளில் நின்றுவிட்டது. காற்றைத் தடுக்க முடியாது. காற்றுக்கு முன்னால் மனிதர்கள் இருக்கும் இடத்தை மாற்ற முடியும். 'நம் கையில் எதுவும் இல்லை' என்ற எண்ணம்தான் உங்கள் அப்பாவின் நோய்க்குத் தீனி போடுகிறது. அதற்கு எதிரான மெய்யான சான்று இது.

டிவியை ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் அவருடைய பதற்றம் கூடும். வானிலை மையம் நாளுக்குப் பல முறை அறிக்கை தரும். புயலாகிவிட்டால் 3 மணி நேரத்துக்கு ஒரு முறை தரும். அதற்கு இடையில் திரும்பத் திரும்பக் காட்டப்படுபவை பழைய செய்தியும் பழைய புயல்களின் காட்சிகளும்தான். சாதாரண நாள்களில் காலை ஒருமுறை, மாலை ஒருமுறை, அறிக்கையை மட்டும் கேட்டுவிட்டு அணைத்துவிடுவது என்று அவரோடு பேசி முடிவெடுங்கள்.

இனி தோப்பு. ஏழு ஆண்டுகளாக அவர் அங்கே போகாமலிருப்பது அவருக்கு நிம்மதி தருவதுபோலத் தோன்றும். உண்மையில் ஒவ்வொரு முறை தவிர்க்கும்போதும், 'போகாததால்தான் பிழைத்தேன்' என்று உடம்பு பாடம் கற்கிறது, அதனால் அச்சம் ஆண்டுக்காண்டு தடிக்கிறது. இதை மாற்றும் வழி படிப்படியாக நெருங்குவது. சிகிச்சையாளரின் மேற்பார்வையில் செய்வது சிறந்தது, ஆனாலும் எப்படி நடக்கும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும். காற்றில்லாத ஒரு காலையில், அவர் சம்மதித்த பிறகே, தோப்பின் வேலி வரை நீங்கள் இருவரும் போகிறீர்கள். 'இப்போது பயம் முழுசா, முக்காலா, அரையா, காலா?' என்று கேட்கிறீர்கள். முழுசு என்றால் திரும்பி ஓடிவிட வேண்டாம். உள்ளேயும் போக வேண்டாம். அங்கேயே நின்று வேறு எதையாவது பேசிக்கொண்டிருங்கள். உடம்பால் உச்சப் பயத்தை அதிக நேரம் தாங்கிப் பிடித்திருக்க முடியாது, கொஞ்ச நேரத்தில் அது இறங்கத் தொடங்கும். அரையாகக் குறைந்த பிறகு வீடு திரும்புங்கள். பயம் இறங்கும்போது அங்கே நின்றிருந்தோம் என்ற அனுபவம்தான் மருந்து. வேலி பழகிய பிறகு முதல் வரிசை, அதன் பிறகு உள்ளே, பிறகு மரத்தடியில் சற்று நேரம் உட்கார்வது, கடைசியில் கீற்று சலசலக்கும் காற்றுள்ள ஒரு மாலை என்று வாரக்கணக்கில் நகர வேண்டும். ஒருநாள் பின்வாங்கினால் அது தோல்வி ஆகாது. மறுநாள் ஒரு படி கீழிறங்கித் தொடங்கலாம். உங்கள் தம்பி புயலுக்கு அடுத்த ஆண்டு நட்டிருந்தால், அந்தப் பிள்ளைகளில் சில இந்நேரம் பாளை விட்டிருக்கக்கூடும். அவருடைய கைப்பழக்கமும் கண்ணும் அங்கே தேவைப்படுகின்றன: எந்த மரத்தில் வண்டு விழுந்திருக்கிறது, எதற்கு உரம் போதவில்லை, குரும்பை ஏன் உதிர்கிறது என்று உங்கள் தம்பிக்குச் சொல்லித்தர அவரைவிட யார் இருக்கிறார்கள்? தம்பியே வந்து, 'எனக்குத் தெரியலப்பா, ஒருமுறை வந்து பாருங்க' என்று மனமார அழைக்கட்டும்.

உங்கள் மகன் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மூன்று வயதில் நடந்ததை அவன் தெளிவாக நினைவு வைத்திருக்க வாய்ப்பு குறைவு. தாத்தாவின் முகத்திலிருந்தும் வீட்டின் பதற்றத்திலிருந்தும் ஒவ்வோர் ஆண்டும் அவன் இந்தப் பயத்தைக் கற்றிருக்கவே வாய்ப்பு அதிகம். எனவே தாத்தா தேறத் தேற அவனும் தேறுவான். இதற்கிடையே, இரவில் தாத்தா எழுப்பும்போது அவனை எழுப்பாமல் நீங்கள் அருகில் இருங்கள். புயல் காட்சிகளை அவன் பார்க்க வேண்டாம். காற்று எப்படி உண்டாகிறது என்று கேட்டால் மழுப்பாமல் விளக்குங்கள். சுவரில் ஒட்டும் தாளில் காற்றின் வேகத்தைப் பார்த்துக் குறிக்கும் வேலையை அவனுக்குக் கொடுக்கலாம். படிப்பு கெட்டாலோ, தனியே தூங்க மறுத்தாலோ, படுக்கையை நனைக்கத் தொடங்கினாலோ அவனையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

சிகிச்சைக்கு வருகிறேன். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் மனநல மருத்துவர்கள் குறிப்பிட்ட நாள்களில் வட்டார அரசு மருத்துவமனைகளுக்கும் வருவதுண்டு. உங்கள் ஊருக்கு அருகில் எந்த நாள் என்று அங்கே கேட்டுக்கொள்ளுங்கள். அதிர்ச்சி நினைவுகளை மையமாகக் கொண்ட உளவியல் சிகிச்சை இந்நோய்க்கு முதன்மையானது. செர்ட்ராலின் போன்ற மாத்திரைகளும் பயன் தரும். அவை வேலை செய்ய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும் என்பதால், பத்து நாளில் 'ஒன்றும் ஆகவில்லை' என்று நிறுத்திவிடக் கூடாது, தேறிய பிறகும் மருத்துவர் சொல்லும் வரை தொடர வேண்டும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் தூக்க மாத்திரைகள் வேண்டவே வேண்டாம். அல்பிரசோலம், டயஸிபாம் வகை மாத்திரைகள் இந்த நோயைத் தீர்ப்பதில்லை, பழக்கமாகிவிடும், இந்த வயதில் தள்ளாட்டமும் விழுந்து எலும்பு முறிவதும் அவற்றால் நேரும். குடியும் அப்படியே. அது தூக்கத்தை வரவழைத்து, பின்னிரவில் கலைத்து, கெட்ட கனவுகளைக் கூட்டும். சில இரவுகள் என்று எழுதியிருக்கிறீர்கள். தினமும் அதிகமாகக் குடிப்பவராக இருந்தால் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து என்பதால், அளவை மருத்துவரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். நெஞ்சுப் படபடப்பு இருப்பதால் இரத்த அழுத்தம், சர்க்கரை, இதயம், தைராய்டு ஆகியவற்றையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். குலதெய்வத்துக்கு வேண்டிக்கொள்வதும் கயிறு கட்டுவதும் அவருக்குத் தெம்பு தந்தால் அதை நான் தடுக்கமாட்டேன். மருந்தை நிறுத்தச் சொல்பவர் யாராக இருந்தாலும் அந்தப் பேச்சை மட்டும் கேட்காதீர்கள்.

மருத்துவரிடம் வர அவர் மறுப்பார் என்று தோன்றுகிறது. சர்க்கரை பார்க்கப் போகிறோம் என்று பொய் சொல்லி அழைத்துச் செல்ல வேண்டாம். ஏற்கெனவே அமைதியைக்கூட நம்ப முடியாதவர் அவர், உங்களையும் நம்ப முடியாமல் போய்விடக் கூடாது. தூக்கம் இல்லாததும் படபடப்பும் அவரே ஒப்புக்கொள்ளும் துன்பங்கள், அவற்றிலிருந்து தொடங்குங்கள். 'புயலில் அடிபட்டவர்களுக்கு இப்படி வருமாம், பார்க்கிற டாக்டர் இருக்கிறாராம்' என்று சொல்லுங்கள். அவர் மதிக்கும் ஒருவர், பழைய நண்பரோ பங்காளியோ, கூட வந்தால் எளிதாகும். வர மறுத்தால் 14416 என்ற டெலி மனஸ் மனநல உதவி எண்ணுக்கு முதலில் நீங்கள் பேசுங்கள். 2022 முதல் இயங்கும் இந்த இலவசச் சேவையில் எந்நேரமும் தமிழில் பேசலாம், நோயாளியின் குடும்பத்தாரும் ஆலோசனை பெறலாம். மாநில அரசின் 104 என்ற மருத்துவ உதவி எண்ணும் இருக்கிறது.

உங்களைப் பற்றிக் கடிதத்தில் நீங்கள் எதுவுமே எழுதவில்லை. மூன்று வயதுக் குழந்தையோடு அதே கூரையின் கீழ் நீங்களும் இருந்தீர்கள்; ஏழு மழைக்காலங்களாக அவரோடு விழித்திருக்கிறீர்கள். உங்களுக்கும் தூக்கம் கெட்டிருந்தால் அதே வெளிநோயாளர் பிரிவில் உங்களுக்கும் ஒரு சீட்டுப் பதிந்துகொள்ளுங்கள். இரவில் அவர் எழுப்பும் நாள்களை நீங்களும் தம்பியும் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளுங்கள்.

மழை வலுக்கும் முன்பே போய்வருவது நல்லது, பயணமும் எளிது, அவருடைய மனமும் அப்போது பேச்சைக் கேட்கும் நிலையில் இருக்கும். இதுவரை சாப்பிட்ட மாத்திரைகளின் அட்டைகளையும் பழைய சீட்டுகளையும் எடுத்துச் செல்லுங்கள். எந்த மாதத்தில் தூக்கம் கெடத் தொடங்குகிறது, ஓர் இரவில் எத்தனை முறை எழுகிறார், எவ்வளவு குடிக்கிறார் என்பதை ஒரு தாளில் குறித்துக்கொண்டால் மருத்துவருக்குப் பெரும் உதவியாக இருக்கும். காத்திருக்கும் நாள்களில் சாவைப் பற்றிய பேச்சு ஏதேனும் வந்துவிட்டால், குறித்த நாள் வரட்டும் என்று பொறுக்காமல், அவரைத் தனியே விடாமல், அன்றே அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.